வெறும் வயிற்றில் குளிசை, முன்னால் ஹட்டன் ஏற்றம்

கேள்வி: டொக்டர், எனக்கு 46 வயது. டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஹட்டன் டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. 2022இல் பெற்றோல் இல்லாமல் பஸ்ஸும் ஒழுங்காக ஓடாத நாட்களில் வாங்கிய சைக்கிளில்தான் இன்றும் போய் வருகிறேன். 5 கிலோமீட்டர். போகும்போது பெரும்பாலும் ஏற்றம், அரை மணித்தியாலம் பிடிக்கும். மூன்று வருடமாகச் சீனி வருத்தம். காலையில் கிளிக்லசைட் 80, காலையும் இரவும் மெட்போர்மின் 500, பிரஷருக்கும் ஒரு குளிசை. போன மாதம் இரண்டு தடவை பாதி ஏற்றத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். காலையில் குளிசையைப் போட்டு, சீனியில்லாத பிளேன்டீ குடித்துவிட்டுக் கிளம்புவேன். சாப்பாடு 9 மணிக்குக் கடையில்தான். மனைவி சைக்கிளை விட்டுவிட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கச் சொல்கிறார். மச்சான் பெடல் மிதிக்கிற மின்சார சைக்கிள் நல்லது என்கிறார். அதில் போனால் உடற்பயிற்சி ஆகுமா? சைக்கிளை விட வேண்டுமா?

பதில்: சைக்கிளை விட வேண்டாம். ஆனால் நான் கீழே சொல்லும் பரிசோதனை முடியும்வரை பஸ்ஸில் போங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் மனதில் பட்டது சீனி குறைந்துபோவதுதான். கிளிக்லசைட், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற குளிசை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஏற்றத்தில் மிதிக்கும்போது தொடைத் தசைகளும் இரத்தத்தில் உள்ள சீனியை வேகமாக இழுத்துக்கொள்ளும். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் காலை 9 மணிவரை ஒன்றும் சாப்பிடாமல், நடுவில் இந்தக் குளிசையையும் போட்டு மலை ஏறினால் வியர்வையும் நடுக்கமும் வரத்தான் செய்யும். மெட்போர்மின் மட்டும் என்றால் இப்படி ஆவது அரிது.

அதனால் நாளைக் காலையிலிருந்தே ஒன்றை மாற்றுங்கள். கிளிக்லசைட்டைச் சாப்பாட்டோடு மட்டும் போடுங்கள். இரண்டு ரொட்டியும் சம்பலும், அல்லது அவித்த கடலை ஒரு கோப்பை, எதுவானாலும் சரி, சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுப் படி இறங்க வேண்டும். சீனி வருத்தக்காரர் குறைவாகச் சாப்பிட்டால் நல்லது என்று பலர் நினைத்துக் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுகிறார்கள். இந்தக் குளிசை எடுப்பவருக்கு அது ஆபத்து. குளிசையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம். நடந்ததைக் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, வேறு குளிசைக்கு மாற்றுவதா என்று அங்கே முடிவு செய்வார்கள்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். 46 வயது, சீனி, பிரஷர், மலை ஏறும்போது வியர்வை, கண் இருட்டு. இது இதயத்திலிருந்தும் வரலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நெஞ்சு நோவு இல்லாமலே இதயத்துக்குப் போகும் இரத்தம் குறையலாம். அதனால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய் ஒரு ஈசிஜி எடுங்கள். ஈசிஜி சரியாக இருந்தாலும், ஏறும்போதுதான் வருகிறது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜியில் இது தெரியாமல் போகலாம். மறுபடி வரும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ ஓடும் நோவு, மூச்சுத் திணறல் ஏதாவது சேர்ந்திருந்தால் வேலைக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம்.

அப்புறம் அந்தப் பிரஷர் குளிசையின் பெயரைப் பாருங்கள். அட்டெனோலோல் போன்ற வகை என்றால் சீனி குறையும்போது வருகிற நடுக்கத்தையும் படபடப்பையும் அது மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் அடையாளமாக நிற்கும்.

இனி ஸ்கூட்டர். உங்கள் மனைவியின் பயம் எனக்குப் புரிகிறது, அவர் பயப்படுவது நியாயம். ஆனால் சீனி குறைந்து கண் இருட்டுவதை ஸ்கூட்டர் தடுக்காது. வெறும் வயிற்றில் இந்தக் குளிசையோடு ஸ்கூட்டரில் போனாலும் சீனி குறையும், வேகம் மட்டும் கூடியிருக்கும். நீங்கள் இப்போது ஏற்றத்தில் மிதிப்பது நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஆறு நாள், 180 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிடம். ஜிம்முக்குப் பணம் கட்டாமல் இதைச் செய்கிறீர்கள். ஸ்கூட்டரில் ஏறினால் இது முழுவதும் போய்விடும்.

உங்கள் மச்சான் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. மிதித்தால் மட்டும் மோட்டார் துணைக்கு வருகிற சைக்கிள் நல்ல உடற்பயிற்சிதான். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் பக்கத்தில் வருபவரோடு பேசவும் முடிய வேண்டும். அந்த அளவுக்கு மோட்டாரை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை முறுக்கினாலே ஓடுகிற வகையும் விற்கிறார்கள். அதில் மிதிக்கும் பழக்கம் சீக்கிரம் விட்டுப்போகும், பார்த்து வாங்குங்கள்.

எனக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் கவலை. பகல் முழுக்கக் கடையில் சாமான் தூக்கிவிட்டு, மாலை 6 மணிக்கு மேல் மூடுபனியில், மழை ஈரத்தில் கீழே இறங்குகிறீர்கள். உடல் உழைப்பு சீனியைப் பல மணித்தியாலம் கழித்தும் இறக்கும். ஏற்றத்தில் தலை சுற்றினால் காலை ஊன்றி நிற்கலாம், இறக்கத்தில் அதற்கு நேரம் இருக்காது. கிளம்பும் முன் சீனி பார்க்கும் மானியில் (குளுக்கோமீற்றர்) ஒருமுறை பாருங்கள். அளவு 90க்குக் (mg/dL) கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ சாப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, சீனி ஏறிய பிறகே கிளம்புங்கள். 70க்குக் கீழே என்றால் பிஸ்கட் போதாது, அது கரைய நேரமெடுக்கும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள். ஏறியதும் எதையாவது சாப்பிடுங்கள். அன்று சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வாருங்கள். சீனிப் பொட்டலம் ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும், பையின் அடியில் வேண்டாம். பாதி வழியில் வியர்த்தால் மானியைத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் சீனியை வாயில் போடுங்கள்.

குளிர்காற்றில் விரல் மரத்தால் பிரேக் பிடிபடாது, கையுறை போடுங்கள். முன்னும் பின்னும் லைட், தலையில் ஹெல்மட். செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்து போட்டு, நனைந்த காலுறையைக் கடைக்குப் போனதும் மாற்றுங்கள். சீனி வருத்தத்தில் காலில் அட்டை கடித்த புண்கூட ஆறத் தாமதிக்கும், அதனால் இரவில் விரலிடுக்குகளையும் பாருங்கள்.

கிளினிக் நாள்வரை காலையில் சாப்பிடும் முன்பும், மாலை கிளம்பும் முன்பும் பார்த்த அளவுகளை நேரத்தோடு கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த இரண்டு தடவை நடந்த திகதியையும் அதிலேயே குறித்துக் கொண்டுபோங்கள்.