எந்த ஆள்?

கேள்வி: நூறு நாள் வேலை வந்ததிலிருந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை. விளைச்சலே படுத்துவிட்டது. அதை மூடினால்தானே விவசாயம் பிழைக்கும்?
– ஒரு விவசாயி, கே.வி.குப்பம்

பதில்: ‘ஆள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு சொல் போதும். நம் பக்கத்தில் ‘ரெண்டு ஆளு, எட்டு பொம்பளையாளு’ என்றுதான் கணக்குச் சொல்வோம். ஆண் வெறும் ஆள். பெண்ணுக்கு மட்டும் முன்னால் ஓர் ஒட்டு. மண்டியில் மூட்டைக்குக் கழிவு பிடிப்பதுபோல, அந்த ஒட்டுக்காகக் கூலியில் ஏறக்குறைய பாதியைப் பிடித்துவிடுகிறோம். நாளெல்லாம் சேற்றில் குனிந்து நடுகிறவள் அவள். வரப்பிலிருந்து நாற்றுக்கட்டு வீசுகிறவருக்கு இரண்டு பங்கு. இதை எழுதி எழுதி இந்தப் பக்கத்தில் நிறைய திட்டு வாங்கியாகிவிட்டது. இன்னும் எழுதுவேன்.

நூறு நாள் வேலை நம் வேலூர் மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில் வந்தது. கூலி அப்போது 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்களாக இருப்பதில் என்ன அதிசயம்? 2025-26க்கு அறிவித்தது 336 ரூபாய். மண்ணை அளந்து பார்த்துத் தருவதால் அதுவும் முழுசாகக் கைக்கு வருவது குறைவு.

போன மாதம் ஓர் ஏரிக்கரையில் பார்த்தேன். மண் அள்ளும் பாண்டும் மண்வெட்டியுமாக முப்பது பேர், போனில் வருகைப் படம் ஏறுவதற்காக வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். சிக்னல் இல்லை. பாதிப் பேருக்கு அறுபது தாண்டியிருக்கும். இளம்பெண் ஒருத்தியும் இல்லை. அவர்கள் காலையிலேயே டிபன் பாக்ஸோடு ரோட்டோரம் நின்று ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் ஷூ கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். உங்கள் ஆள் போன இடம் அது. பாலாற்றங்கரைக் கிணறுகளில் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கி நிலம் தரிசானபோது, ஆளை யாரும் தேடவில்லையே!

கூலி ஏறியதும், நடவு தள்ளிப்போனால் விளைச்சல் அடிபடும் என்பதும் நிஜம். 2025-26 விலைப்படி குவிண்டால் நெல்லுக்கு 2,500 ரூபாய் வாங்கி, உரம், உழவு, அறுவடை வண்டி வாடகை எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சண்டையை விலை வைக்கிறவரிடம் போட வேண்டும். பாண்டு தூக்குகிற கிழவியிடம் போடக் கூடாது.

நூறு நாள் வேலைக்குப் பதிலாக 2025 டிசம்பரில் வந்த புதிய சட்டம் 125 நாள் வேலை என்கிறது, விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை நிறுத்தலாம் என்றும் சொல்கிறது. எந்த 60 நாள்? நமக்கு சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல்லுக்கே மூன்று பட்டம். மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) ஆடி. கரும்பு வெட்டு தனி. கிணறு வைத்திருப்பவர் நடும்போது ஏரியை நம்பியவர் சும்மா இருப்பார். இதைச் சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து குறிக்க முடியாது, ஊர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், உங்கள் ஊர் ஏரிக்கு வரத்துக் கால்வாய் எந்த நிலையில் இருக்கிறது? சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்தால், அதைச் சுத்தம் செய்யும் வேலையை முதலில் எடுக்கச் சொல்லி அடுத்த கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். பெண்களும் வந்திருப்பார்கள். நடவுக்கு அவர்கள் என்ன கூலி கேட்கிறார்கள் என்பதையும் அங்கேயே பேசிவிடலாம்.