ஆர்க்கிடெக்சர் என்று சொன்னால் ஏன் புரியவில்லை?

தம்பி, கானாடுகாத்தானில் வீடு சுற்றிக் காட்டும்போது ஆர்க்கிடெக்சர், வெண்டிலேஷன் என்றால் வெளிநாட்டுக்காரர்கள் திருப்பிக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் எழுத்து உச்சரிப்பில் பெரிய குறை இருக்காது. தமிழில் எல்லா அசையையும் (ஆங்கிலத்தில் சிலபிள்) ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி நீளும், மற்றவை சுருங்கும். அந்த ஓங்கல், அதாவது அழுத்தம், இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாது.

முதலில் அசையை எண்ணுங்கள். புறங்கையை முகவாய்க்கு அடியில் வைத்து மெதுவாகச் சொல்லுங்கள். தாடை இறங்கும் ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் ஓர் அசை. வென்-டி-லே-ஷன், நான்கு. 'ஷன்' என்று முடிந்தால் அழுத்தம் அதற்கு முந்தைய அசையில்: 'லே'. முற்றத்துக் காற்றைப் பற்றிச் சொல்லும்போது அந்த 'லே'யை நன்றாக இழுங்கள். டெகரேஷனில் 'ரே'. (டெலிவிஷன் மட்டும் அடங்காது, அதற்கு முதல் அசை.) 'இக்' என்று முடிவதும் பெரும்பாலும் அப்படியே; செராமிக்கில் 'ரா'.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபோட்டோகிராஃப். அதில் அழுத்தம் முதல் அசையில். ஃபொடாக்ரஃபி என்றதும் 'டாக்'குக்குத் தாவும், முன்னால் இருந்த 'ஃபோ' தேய்ந்துபோகும். ஃபோட்டோகிராஃபிக்கில் 'கிரா'. ஒரே குடும்பம், மூன்று இடம்! இந்த மூன்றையும் தினமும் வாய்விட்டுச் சொல்லுங்கள், காது பழகும்.

ஆர்க்கிடெக்சருக்கு முதல் அசையான 'ஆர்'தான். சந்தேகம் வந்தால் ஆங்கில அகராதியில் உச்சரிப்பைப் பாருங்கள். அழுத்தமான அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும்.