சைபீரியாவிலிருந்து ஆறு கிராம்

கேள்வி: சென்ற அக்டோபரில் இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நார்ஃபோக் கடற்கரையில் ஒரே ஒரு மரத்தைச் சுற்றி முப்பது பேர் தொலைநோக்கியோடு நின்றார்கள். சைபீரியாவிலிருந்து வழி தவறி வந்த குருவியாம், பெயர் பல்லாஸாம். எனக்கு இலைதான் தெரிந்தது. அது மறுபடி ஊர் போய்ச் சேருமா?
- வாசகி, திருச்சி

பதில்: இன்னும் கால் மணி நேரம் நின்றிருக்கக் கூடாதா, அம்மா! அது பல்லாஸ் இலைக்கதிர்க்குருவி. சைபீரியாவை அலசிய ஜெர்மானிய இயற்கையாளர் பீட்டர் சைமன் பல்லாஸின் பெயரைத் தாங்கியது. எடை சுமார் ஆறு கிராம். நம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான்.

அதே கரையில், ஹோல்கம் பைன் காட்டோரம், ஒரு நவம்பர் காலையில் நான் அதைப் பார்த்தேன். சிக்கமோர் மரத்து இலைக்கு அடியில் சிறகடித்து அந்தரத்தில் நின்று அசுவினிப் பூச்சியைக் கொத்தியது. திரும்பியபோது வாலுக்கு மேலே எலுமிச்சை மஞ்சள் பளிச்சிட்டது. உச்சியில் ஒரு மஞ்சள் கோடு, புருவங்களில் இரண்டு, சிறகுகளில் நான்கு. ஏழையும் எண்ணி முடிக்க அது விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரிட்டனில் முதலில் பதிவான பல்லாஸும் நார்ஃபோக்கில்தான் கிடைத்தது. 1896 அக்டோபர் 31 அன்று கிளே என்ற ஊரருகே அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். நீங்கள் பார்த்த முப்பது பேர் கையிலும் துப்பாக்கி இல்லை. அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

'வழி தவறியது' என்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். சைபீரிய ஊசியிலைக் காட்டில் பிறக்கும் குஞ்சு, குளிருக்குத் தென்சீனப் பக்கம் போக வேண்டும். கூட்டிப் போக ஆள் கிடையாது. எந்தத் திசை, எத்தனை இரவு என்பதெல்லாம் பிறப்பிலேயே வருகிறது. சில குஞ்சுகளுக்கு அந்தத் திசை மட்டும் தலைகீழாகிவிடுகிறது என்று டென்மார்க் ஆய்வாளர் யோர்கன் ராபோல் 1969இல் விளக்கினார். கீழைக்காற்றும் சேர்ந்துகொண்டால் வடகடலைத் தாண்டி வந்து இறங்கும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல், அதுவும் இரவில், தன்னந்தனியாக! பிசகியது திசை ஒன்றுதான்; பறந்ததில் ஒரு குறையும் இல்லை.

ஊர் சேருமா என்றால், பெரும்பாலானவை சேராது என்றே நினைக்கிறேன். பனி இறுகினால் பூச்சி கிடைக்காது. ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஐரோப்பாவின் கருந்தொப்பிக் கதிர்க்குருவிகளில் சில, தெற்கே போகாமல் பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழிக்கத் தொடங்கின. ஜெர்மானியப் பறவை ஆய்வாளர் பேர்ட்ஹோல்டும் சகாக்களும் அவற்றின் குஞ்சுகளைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். தாய் தந்தையின் புதுத் திசையையே அவையும் நாடின. 1992இல் வெளியான செய்தி இது. ஒரு தலைமுறையின் பிசகு இன்னொரு தலைமுறைக்குப் பாதையாகலாம்.

டிசம்பரில் உங்கள் வீட்டு வேம்பையோ மாமரத்தையோ பாருங்கள். பல்லாஸின் உறவான பச்சை இலைக்கதிர்க்குருவி, வடக்கேயிருந்து வந்து 'சிஸ்வீ' என்று குரல் கொடுக்கும். கிளையை ஆட்டாதீர்கள். இலை அசையும் இடத்திலேயே கண்ணை வையுங்கள்.