துப்பாக்கி சுடும் ரேஞ்சில் முதல் நாள்: எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள் அடுத்த ஞாயிறு முதல்முறையாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போகிறாள். ஜாக்கெட், ஷூ, சொந்த பிஸ்டல் மூன்றையும் இப்போதே சேர்த்து வாங்கினால் தள்ளுபடி தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். வாங்கலாமா?
— வாசகி, சூரமங்கலம்

பதில்: வேண்டாம். விறைப்பான கான்வாஸ் ஜாக்கெட்டும் பேண்ட்டும் ரைஃபிள் சுடுபவர்களுக்கு உரியவை. ஏர் பிஸ்டலுக்கு அந்த உடையே கிடையாது. பிஸ்டல் பழகப் போகும் பிள்ளைக்கு ஜாக்கெட்டை விற்கப் பார்ப்பவரிடம் மற்ற இரண்டையும்கூட வாங்காதீர்கள்.

பிஸ்டலுக்கு அவசரம் இல்லை. இறக்குமதியான போட்டி பிஸ்டல் லட்ச ரூபாயைத் தாண்டும். அதன் மரப்பிடி கை அளவுக்கேற்பச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும். வலக்கை, இடக்கைக்கும் தனித்தனி. வளர்கிற பிள்ளையின் கைக்கு இன்று பொருந்தும் பிடி, அடுத்த வருடம் இறுக்கும். சில மாதம் கிளப் பிஸ்டலிலேயே சுடட்டும். அதற்குள் ரைஃபிள்தான் பிடிக்கிறது என்று மனம் மாறும் பிள்ளைகளும் உண்டு.

வீட்டிலேயே ஒன்று பார்த்துவிடுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்களை மாற்றி மாற்றி மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் மறையாமல் இருக்கிறதோ, அதுதான் குறி பார்க்க முந்தும் கண். வலக்கைப் பழக்கமும் இடக்கண்ணும் சேர்ந்திருந்தால் கோச்சிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நிற்கும் கோணம், கண்ணை மறைக்கும் பட்டை, எந்தக் கையில் பிடிப்பது எல்லாமே அதை வைத்துத்தான் முடிவாகும்.

எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான். தட்டையான அடியுள்ள ஷூ (தடிமனான குஷன் வைத்த ஓட்ட ஷூவில் உடல் ஆடும்), முடியைக் கட்ட ரப்பர் பேண்ட், கண்ணாடி போடுபவர் என்றால் அந்தக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில், சோப்பு, அடையாள அட்டை நகல். 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் சத்தம் குறைவு. சாதாரண இயர்ப்ளக் போதும். அதே ரேஞ்சில் .22 துப்பாக்கி (வெடிமருந்துத் தோட்டா போடுவது) சுடுகிறார்கள் என்றால் இயர்மஃப் கட்டாயம். காலையில் இரண்டு இட்லி போதும். காபி அதிகமானால் நெஞ்சுத் துடிப்பு முன்குறியில் (குழல் முனையில் உள்ள, குறி பார்க்கும் மேடு) தெரியும்.

பெல்லட்டை (ஏர் பிஸ்டலில் போடும் சிறு குண்டு) கிளப்பே தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கச் சொன்னால் 4.5 மில்லிமீட்டர், தலை தட்டையானது என்று கேட்டு வாங்குங்கள். கூர்முனை பெல்லட் டார்கெட் அட்டையைக் கிழித்துவிடும்; புள்ளி எண்ணுவது கஷ்டம். முதல் நாளுக்கு 30, 40 பெல்லட்டே தாராளம். நீட்டிய கை அதற்குள் சோர்ந்துவிடும். பெல்லட் ஈயத்தால் ஆனது. அதைத் தொட்ட கையால் முறுக்கு, பிஸ்கட் எதையும் எடுக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு. இதில் கண்டிப்பாக இருங்கள்.

லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட் என்ற நான்கு கட்டளைகளையும் வீட்டிலேயே மனப்பாடம் செய்யட்டும். 'ஸ்டாப்' என்றால் பாதி அழுத்திய ட்ரிகரையும் விட்டுவிட வேண்டும். சுடாத நேரம் பேரலில் (குழலில்) பாதுகாப்புக் கயிறு (உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டுவது), ட்ரிகருக்கு வெளியே விரல், முனை எப்போதும் டார்கெட் பக்கம். வலக்கைக்காரர்களின் குண்டுகள் இடப்பக்கம் கீழே போய் விழுந்தால் பிஸ்டலைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பதுதான் காரணம். பார்வை முன்குறியில் கூர்மையாக நிற்க வேண்டும். டார்கெட்டின் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் சரியாகப் பார்க்கிறாள் என்று அர்த்தம்.

கேள்வி: பழைய ஏர் பிஸ்டல் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: முதலில் பிஸ்டலின் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. போட்டி பிஸ்டல் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 வருடம் ஆயுள் சொல்கிறார்கள். காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது போட்டி விதிப்படி வீரரின் பொறுப்பு. தேதி முடிந்திருந்தால் புது சிலிண்டர் விலையைக் கழித்துப் பேசுங்கள். அடுத்து, 200 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காற்று நிரப்பி இரவு முழுக்க வைத்து, காலையில் மீட்டரைப் பாருங்கள். முள் நன்றாக இறங்கியிருந்தால் சீல் போயிருக்கிறது. ட்ரிகர் எடை (அதை இழுக்கத் தேவையான விசை) 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பழைய பில்லும் விற்பவரின் அடையாளச் சான்று நகலும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். சேலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் வெல்டிங் பட்டறை. அங்குள்ள ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸில் அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் வெடிக்கும். உலர்ந்த காற்றை மட்டும் நிரப்புங்கள், அதையும் மெதுவாக. நிரப்பிய சிலிண்டரைச் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்தில் பழக ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கலாமா? லைசென்ஸ் வேண்டுமா? மயில், குரங்குத் தொல்லையும் இருக்கிறது.
— வாசகர், ஏற்காடு

பதில்: 2016 ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு (.177 அங்குலம்) மேல் போகாமல், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் (ஆற்றலின் அலகு) அளவைத் தாண்டாமல் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. இந்த இரண்டு அளவும் பில்லில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் மயிலையோ குரங்கையோ நோக்கிக் குறி வைக்கும் எண்ணம் இருந்தால் வாங்கவே வேண்டாம். மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை, சுட்டால் சிறை. தொல்லை என்றால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

அட்டைக்குறி மட்டும்தான் என்றால், பின்னால் பாறையோ சுவரோ கூடாது. பெல்லட் திரும்பித் தெறிக்கும். மரப்பெட்டியில் பழந்துணியை இறுக்கித் திணித்து, அதன் முகத்தில் அட்டையை ஒட்டுங்கள். பின்பக்கம் மண்மேடு இருக்கட்டும், ஆள் நடமாடும் பாதை கூடாது. ஸ்பிரிங் ரைஃபிளைப் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் மோதி சீல் கெடும். ஏற்காட்டுப் பனியில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் வெளிப்புறம் துடைத்து, பஞ்சு உறை போட்ட பையில் அடைக்காமல், காற்றோட்டமான அலமாரியில் பூட்டி வையுங்கள்.