டாக்டரம்மாவைக் கேளுங்கள்: ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிடலாமா?

(அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவத் துறையில் மேற்படிப்பு மாணவர்களுக்குக் கற்பித்து ஓய்வு பெற்று, இப்போது தேவிபட்டினத்தில் நோயாளிகளைப் பார்த்துவரும் பேராசிரியை பதிலளிக்கிறார். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி, பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்களைப் பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.)

என் மகன் எம்.டி. பொது மருத்துவம் முதல் வருடம் படிக்கிறான். காலை 8 மணிக்கு வார்டுக்குப் போனால் மறுநாள் சாயங்காலம்தான் அறைக்கு வருகிறான். "போதும்மா, வந்துடறேன்" என்று போன வாரம் போனில் அழுதான். விட்டுவிட்டு வரச் சொல்லவா?
– ஒரு தாய், கீழக்கரை

அம்மா, முதலில் அவன் அழுததை நம்புங்கள். "எல்லாரும் இப்படித்தான் படிச்சாங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவன் சீனியர்கள் அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பயிற்சி டாக்டர்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் பொதுவாக வேலை கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 1992லேயே சொல்லிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகளும் நியாயமான வேலை நேரம், ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை, வருடத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு என்று சொல்கின்றன. வார்டில் இது நடக்கிறதா என்றால், பல இடங்களில் நடக்கவில்லை. அன்று வருகிற புது நோயாளிகளை எல்லாம் ஒரே டாக்டர் குழு (யூனிட்) சேர்த்துக்கொள்ளும் அட்மிஷன் நாளில், வந்து குவிபவர்களைப் பார்க்க ஆட்கள் போதாது, அந்தச் சுமை முதல் வருட மாணவர்கள் தலையில் இறங்குகிறது. 1984இல் நியூயார்க்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனாள். தூக்கமில்லாத பயிற்சி டாக்டர்களின் வேலைமுறை கேள்விக்கு உள்ளாகி, 1989இல் அந்த மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். என்னைக் கேட்டால் 80 மணி நேரமே அதிகம். தூங்காத கண்ணுக்கு மருந்துச் சீட்டில் தசமப் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அவனிடம் ஒன்றை மட்டும் பிரித்துக் கேளுங்கள்: வேலை அதிகமா, அல்லது யாராவது அவமானப்படுத்துகிறார்களா? வேலை அதிகம் என்றால், இரண்டாம் வருடத்தில் கை பழகியதும் பாரம் குறையும். நோயாளிகள் முன்னால் வைத்து ஏசுவது, கேஸ் ஷீட்டை முகத்தில் எறிவது என்று இருந்தால், அதைப் பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள். துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி டியூட்டி முடிந்த காலையில் அவன் பைக் ஓட்டக் கூடாது, இதில் பிடிவாதமாக இருங்கள். வாரம் ஒரு தடவை நீங்களோ அவன் வாப்பாவோ நேரில் போய்ச் சாப்பாடு கொடுத்துவிட்டு வாருங்கள். தூக்கமே வரவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பேசினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அப்படி ஒரு நிலை வந்தால் படிப்பு இரண்டாம்பட்சம், உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நான் பொது மருத்துவ மேற்படிப்பு மாணவன். ராத்திரி நோயாளிக்கு மோசமானால் அசிஸ்டன்ட் புரொபசரையோ யூனிட் தலைவரான சீஃபையோ கூப்பிடத் தயக்கமாக இருக்கிறது. கூப்பிட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்கிறார்கள். கூப்பிடாவிட்டால் காலை ரவுண்ட்ஸில் "ஏன் கூப்பிடலை?" என்கிறார்கள். எப்போதுதான் கூப்பிடுவது?
– ஒரு மாணவர், தொண்டி

தம்பி, 1988இல் நானும் இதே தயக்கத்தோடு ஒரு வார்டில் நின்றேன். ஊரையும் மருத்துவமனையையும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

முதல் வருடம், அட்மிஷன் நாள். இரவு 9 மணிக்கு நம் கடற்கரைக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள், நாற்பது வயது இருக்கும். உடம்பெல்லாம் வலி, கை காலை அசைத்தால் கத்துகிறார், வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. லேசான சூடு. எனக்கு அன்று அது பதினேழாவது கேஸ். "காய்ச்சல், உடம்பு வலி" என்று எழுதி, வலிக்கு ஊசி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். "வலையிலருந்து மீனைக் கழத்துறப்ப கையில என்னமோ சுருக்குன்னுச்சும்மா" என்று அவர் சொன்னார். என் காதில் விழுந்தது. நான் எழுதவில்லை.

நள்ளிரவுக்கு மேல் அவர் சிறுநீர் கறுத்துப் போனது. கட்டங்காப்பி நிறம். எனக்கு உள்ளே நடுக்கம் எடுத்தது. ஆனால் சீஃபைக் கூப்பிட முடியவில்லை. அவர் கடிந்து பேசுகிறவர் இல்லை. இருந்தும் "தெரியவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

இன்சார்ஜ் சிஸ்டர் பாம்பன்காரர். சிறுநீர்ப் பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவரு கடலுக்குப் போறவரா?" என்று கேட்டார். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேரே போனை எடுத்து சீஃபைக் கூப்பிட்டார். ரெண்டரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் சீஃப். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "முதல்லேருந்து சொல்லுங்கய்யா, காலையில எத்தனை மணிக்கு வள்ளத்துல ஏறுனீங்க?" என்று ஆரம்பித்தார்.

கடல்பாம்பு. அந்தக் கடியில் வலி அதிகம் இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம் தேடினாலும் கிடைப்பது அரிது. விஷம் தசையை உடைக்கிறது. உடைந்த தசையின் நிறமி சிறுநீரைக் கறுக்க வைத்து, சிறுநீரகத்தை அடைக்கிறது. தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். அவர் ஈசிஜியில், பொட்டாசியம் ஏறியதைக் காட்டும்படி, டி அலைகள் கூடாரம் மாதிரி எழும்பி நின்றன. நம் நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குத்தான். கடல்பாம்புக்குக் கேட்காது. பொட்டாசியத்திலிருந்து இதயத்தைக் காக்கக் கால்சியம், இன்சுலினோடு குளுக்கோஸ், விடிந்ததும் வயிற்றில் குழாய் விட்டு டயாலிசிஸ். பிழைத்தார். 3 வாரம் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார்.

அன்று சீஃப் கிளம்பும்போது சொன்னது: "நீ கூப்பிட்டிருந்தா நான் எழுந்து வந்திருப்பேன்மா. கூப்பிடலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

நான் யூனிட் சீஃப் ஆன நாளில் புதுப் பிள்ளைகளிடம் முதலில் சொன்னதே, எப்போது கூப்பிட வேண்டும் என்பதைத்தான். ஒரு வாக்கியத்தை நோயாளியால் மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லையா, கூப்பிடு. நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு, 90க்குக் கீழே மேல் ரத்த அழுத்தம், சாயங்காலம் பேசியவர் ராத்திரி உளறுவது, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, இவற்றில் எது வந்தாலும் கூப்பிடு. நீ இதுவரை போட்டுப் பழகாத மருந்தைப் போடப் போகிறாயா, போடும் முன் கூப்பிடு. "எனக்கு இந்த ஆளைப் பார்த்தா சரியாப் படலை" என்று சிஸ்டர் சொன்னால், உனக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் கூப்பிடு. ஒன்றுமே புரியாமல் மனம் மட்டும் உறுத்தினாலும் கூப்பிடு.

கூப்பிடும் விதமும் உண்டு. "சார், ஒரு பேஷன்ட் பேட்" என்று ஆரம்பித்தால் தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு ஒன்றும் புரியாது, எரிச்சல்தான் வரும். முதல் வாக்கியத்தில் உன் பயத்தைச் சொல்: "12ஆம் கட்டில், பொட்டாசியம் ஏறுதுன்னு பயப்படுறேன்." அடுத்து அவர் யார், எதற்கு வந்தார். பிறகு நீ பார்த்ததும் செய்ததும். கடைசியில் உனக்கு என்ன வேண்டும்: ஆலோசனையா, அவர் நேரில் வர வேண்டுமா. ஒரு நிமிடத்தில் முடியும். முடித்ததும் நேரம் போட்டு கேஸ் ஷீட்டில் எழுது.

இதைப் படிக்கும் பேராசிரியர்களுக்கும் சொல்கிறேன்: ராத்திரி போனில் ஒரு தடவை எரிந்து விழுந்தால், அந்தப் பிள்ளை அப்புறம் கூப்பிடவே மாட்டான். அதன் விலையைக் கொடுப்பது கட்டிலில் படுத்திருப்பவர். அந்த ராத்திரிக்குப் பிறகு என் போன் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

என் அத்தாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அஞ்சாறு படிக்கிற டாக்டர்கள் மாறி மாறி வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள், நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்கள். ஏழை என்பதால்தானே?
– மீனவர், பாம்பன்

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அனுமதி கேட்காமல் தொட்டிருந்தால் அது தப்பு. பேரைச் சொல்லி, "நான் படிக்கிற டாக்டர், பார்க்கலாமா அத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். களைப்பாக இருக்கிறது, இப்போது வேண்டாம் என்று சொல்ல அத்தாவுக்கு முழு உரிமை உண்டு. மறுத்தால் சிகிச்சை குறையாது.

ஆனால் ஒரே கேள்வியை மூன்றாவது ஆள் கேட்கும்போதுதான் சில விஷயங்கள் வெளியே வரும். மாசக்கணக்கில் காய்ச்சலும் இருமலுமாக இருந்த சர்க்கரை நோயாளி ஒருவர் என் வார்டுக்கு வந்தார். காசநோய் என்று மருந்து சாப்பிட்டும் குணமில்லை. இரண்டு பேர் வரலாறு எழுதியாகிவிட்டது. மூன்றாவதாக ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பெண் உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேசியபோது, மழைக்குப் பிறகு காலில் புண்ணோடு வயலில் இறங்கி நாள்கணக்கில் நின்றதைச் சொன்னார். அதன் பிறகு ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பி, 'மெலியாய்டோசிஸ்' என்று கண்டோம். மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் கிருமி அது. சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும், எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரியும். அதற்கான மருந்து வேறு. முதலில் ஊசி, பிறகு 3 மாதமாவது மாத்திரை. அந்தப் பெண் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்டதால் கிடைத்த உயிர்.

தட்டிப் பார்ப்பதும் விளையாட்டு அல்ல. 1761இல் ஆயன்புருக்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் எழுதி வைத்த முறை அது. அவர் அப்பா விடுதி நடத்தியவர். பீப்பாயில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா என்று விரல் நுனி இன்றும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறது. நூறு நெஞ்சைத் தட்டினால்தான் அந்த விரலுக்குக் காது முளைக்கும். அத்தா தன் நெஞ்சைக் கொடுத்து ஒரு டாக்டரை உருவாக்கியிருக்கிறார். அந்த நன்றியை அவரிடம் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

பொது மருத்துவமா, எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜியா? எம்.பி.பி.எஸ். முடிக்கப்போகிறேன்.
– ஒரு மாணவி, பரமக்குடி

நோயாளி பேசும்போது உனக்கு அலுப்பு வருகிறதா, ஆர்வம் வருகிறதா? ஆர்வம் வந்தால் பொது மருத்துவம். 3 வருடம், அதற்குமேல் டி.எம். (இதயம், நரம்பு போன்ற ஒரு சிறப்புப் பிரிவு) என்றால் இன்னும் 3 வருடம். கால் வலிக்கும் என்று பயந்து வேறு எதையும் எடுக்காதே.

நம் ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் நல்ல பயிற்சி என்றால் மதுரை, சென்னைதானே?
– பள்ளி ஆசிரியர், திருப்புல்லாணி

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசுக் கல்லூரிகளில் நம்முடையதும் ஒன்று. மதுரையில் 1954லிருந்து கல்லூரி இருக்கிறது. அந்த ஆசிரியர் பரம்பரை ஒரே நாளில் வராது. கருவிகளும் பேராசிரியர்களும் வேண்டும், அதை நாம் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் பொது மருத்துவத்துக்கு நோய்தான் முதல் பாடப்புத்தகம், அது இங்கே நிறைய இருக்கிறது. தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடிகாலை வயிற்று வலியோடு எழுந்து, இமை தொங்கிப்போய் வருவார். கடித்த தடமே இருக்காது. கட்டுவிரியன். காய்ச்சலோடு வரும் பாட்டியின் பாவாடை நாடாவுக்குக் கீழே கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், வலிக்காது. பார்த்துவிட்டால் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்கிரப் டைபஸ், விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் பிழைப்பார். உடையை விலக்கிப் பார்க்காத டாக்டருக்கு அது தெரியாமலே போகும். திருக்கை முள் குத்திய காலைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் வைத்தாலே வலி இறங்கும் என்பதைச் சென்னையில் எந்த வார்டில் கற்பது?

எம்.டி. மாணவர்கள் எல்லாரும் 3 மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. அதை ஓய்வு மாதங்களாக நினைத்து வருகிற பிள்ளைகளும் உண்டு. ராமேசுவரத்திலோ பரமக்குடியிலோ ஸ்கேன் இல்லாத ஒரு ராத்திரியைத் தனியாகக் கழித்துவிட்டால், அந்த நினைப்பு போய்விடும்.

எங்கள் வார்டில் வட மாநிலத்திலிருந்து வந்த பிஜி (மேற்படிப்பு) டாக்டர்கள் தமிழ் புரியாமல் தவிக்கிறார்கள். நாங்கள்தான் மொழிபெயர்க்கிறோம். எங்கள் வேலையும் கெடுகிறது, அவர்கள் படிப்பும் கெடுகிறது. என்ன செய்யலாம்?
– ஸ்டாஃப் நர்ஸ், ராமநாதபுரம்

சிஸ்டர், அரசுக் கல்லூரிகளின் மேற்படிப்பு இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, எந்த மாநிலத்தவரும் சேரலாம். அவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். நீங்கள்தான் அவர்களுக்கு முதல் ஆசிரியர், அதைச் சுமையாக நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்ப் பிள்ளைகளே தடுமாறும் இடம் இது. "இளைக்குதும்மா" என்று ஒரு பாட்டி சொன்னதைக் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் "எடை குறைகிறது" என்று எழுதினான். பாட்டி சொன்னது மூச்சு இளைப்பு. இதயம் பழுதாகி, கால் வீங்கி, எடை கூடித்தான் வந்திருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு புது மாணவனிடமும் ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்து, நோயாளியின் சொல்லை அவர் சொன்னபடியே முதலில் எழுத வைத்தேன். மேல் காந்துது. கண்ணைக் கட்டுது. நீர்க்கடுப்பு. வெளிக்கிப் போகல. நெஞ்சைக் கரிக்குது. கை மரமரன்னு இருக்கு. எதிரே அதன் பொருளை சிஸ்டரிடமோ நோயாளியிடமோ கேட்டு எழுத வேண்டும். நீங்களும் உங்கள் வார்டில் அப்படி ஒரு நோட்டை மேசையில் போட்டு வையுங்கள்.

எங்கள் நோட்டில் அதிகப் பக்கம் எடுத்த சொல் 'மயக்கம்'. தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், வாந்தி வருகிற மாதிரி இருந்தாலும் மயக்கம், நினைவே தப்பினாலும் மயக்கம். ஒவ்வொன்றுக்கும் நோய் வேறு. ராஜஸ்தானிலிருந்து வந்த மாணவன் ஒருவன் இரண்டாம் வருடம் முடிவதற்குள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்கப் பழகிவிட்டான்: "மயக்கம்னா எப்படிம்மா? சுத்துச்சா, இருட்டுச்சா, விழுந்துட்டீங்களா? விழுந்தது உங்களுக்கே தெரியுமா, யாராவது சொன்னாங்களா?"