வராமல் போன 1975 பஞ்சம்

அன்புள்ள ஐயா,

அறுபதுகளில் வந்த எதிர்காலக் கணிப்புகளைத் தேடிப் படித்துவருகிறேன். பறக்கும் கார், நிலாவில் குடியிருப்பு எல்லாம் சிரிப்பு மூட்டுகின்றன. ஆனால் 1975-க்குள் இந்தியா பட்டினியில் சாகும், காப்பாற்ற முடியாது என்று இரண்டு அமெரிக்கர்கள் எழுதியிருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். எதை வைத்துச் சொன்னார்கள்? இதற்கும் கிளி ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

கிளி சீட்டை எடுக்கும், இவர்கள் கிராஃப் தாளை எடுத்தார்கள். ஆனால் எதிர்காலக் கணிப்புத் துறைக்கு ஜோசியத்தோடு உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நிபுணர்களைத் தனித்தனியே, பெயர் வெளியே தெரியாமல், பல சுற்றுகளாகக் கேட்டுக் கணிக்கும் ஒரு முறையை அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் உருவாக்கியது. அதற்கு ‘டெல்ஃபி’ என்று பெயர். குறி சொல்வதற்குப் பேர்போன பழைய கிரேக்கக் கோயிலின் பெயர்தான் அது!

நீங்கள் படித்தது பாடக் சகோதரர்கள் 1967-இல் எழுதிய புத்தகம். ஒருவர் வேளாண் விஞ்ஞானி, மற்றவர் ஓய்வுபெற்ற தூதரக அதிகாரி. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. மக்கள்தொகைக்கு ஒரு கோடு, விளைச்சலுக்கு ஒரு கோடு. இரண்டையும் நீட்டிப் பார்த்தால் நடுவில் பள்ளம். அப்புறம், போர்முனை மருத்துவர்கள் பிழைக்கமாட்டார் என்று தோன்றும் ஆளை விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்ப்பதுபோல, இந்தியாவுக்குத் தானியம் அனுப்பிப் பயனில்லை என்று எழுதிவிட்டார்கள்.

இதை வன்மம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 1964-65-இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த நம் உணவு தானிய விளைச்சல், மழை பொய்த்த மறு ஆண்டு 7.2 கோடிக்கு விழுந்தது. அதற்கடுத்த ஆண்டும் 7.4 கோடிதான். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துத்தான் ரேஷன் கடை ஓடியது. அங்கிருந்து வந்த மைலோ சோளம் என்றால் பழைய ஆட்கள் இன்றும் முகம் சுளிப்பார்கள்.

மக்கள்தொகைக் கோடு பொய்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1961-இல் 44 கோடி, 1971-இல் 55 கோடி. அடுத்த பத்தாண்டில் பிள்ளை பெறப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பிறந்திருந்தார்கள், எண்ணிவிடலாம். நெல்லும் கோதுமையும் அப்படியில்லை. புத்தகம் அச்சாவதற்கு முந்தைய ஆண்டே அதிக விளைச்சல் தரும் மெக்சிகோ குட்டைக் கோதுமை விதை 18,000 டன் இந்தியாவுக்கு வந்து இறங்கியிருந்தது. பிலிப்பைன்ஸில் அதேபோல் அதிகம் விளையும் ஐஆர் 8 நெல்லும் அதே ஆண்டில் வெளியானது. எந்தப் புதுமையும் உரிய காலத்தில் கைகொடுக்காது என்று சகோதரர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். 1968-இல் பஞ்சாபில் கோதுமையைக் கொட்டிவைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களைக் கிடங்காக்கினார்கள். 1975-76-இல் நாட்டின் மொத்த விளைச்சல் 12 கோடி டன்.

ஆனால் ஒன்று. 1967-இல் மழையும் நன்றாகப் பெய்தது. மூன்றாம் ஆண்டும் அது ஏமாற்றியிருந்தால், நீங்கள் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள்.

அன்புடன்