ரன்-ஃபிளாட்டைக் கழற்றலாமா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய மினி கூப்பர் வாங்கினேன். நான்கும் ரன்-ஃபிளாட் (காற்று இறங்கினாலும் ஓடும்) டயர்கள், பட்டன் (தரையில் படும் ரப்பர் வரிகள்) தேய்ந்துவிட்டது. மறுபடி ரன்-ஃபிளாட்டே போட்டால் கட்டுப்படியாகாது. சாதா டயர் போதும் என்கிறார் கடைக்காரர். வாராவாரம் ஏற்காடு போய் வருகிறோம். மாற்றலாமா?
*வாசகர், அஸ்தம்பட்டி*

பதில்: மாற்றலாம். ரிம்மைத் தொட வேண்டியதில்லை. அதே ரிம்மில் அதே அளவு சாதா டயர் உட்காரும். குண்டு குழியில் குலுக்கலும் குறையும்.

ஆனால் ஒன்று. ரன்-ஃபிளாட்டின் பக்கச் சுவர் தடித்து விறைப்பாக இருப்பதால்தான் காற்று முழுக்க இறங்கினாலும் அது காரைத் தாங்குகிறது. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கி.மீ. தூரம் ஓட்டலாம் என்பது பொதுவான கணக்கு. ஏற்காட்டிலிருந்து சேலம் முப்பது கி.மீ. சொச்சம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதில் ஆணி ஏறினாலும் மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். டயரைக் கழற்றும்போது இந்த வசதியும் கூடவே போய்விடும்.

அதனால் கடைக்காரரிடம் விலை பேசுவதற்கு முன் டிக்கியைத் திறந்து கீழ்த்தட்டைத் தூக்கிப் பாருங்கள். ரன்-ஃபிளாட்டோடு வந்த பல கார்களில் ஸ்டெப்னிக்குக் குழியே இருக்காது. ஜாக்கியும் வீல் ஸ்பேனரும்கூட இருக்காது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-லேயே மோட்டார் வாகன விதியைத் திருத்திவிட்டார்கள். எனவே சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் கிட்டில் பாட்டிலில் இருக்கும் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்), பட்டனில் ஏறிய ஆணிக்குத்தான் கேட்கும். வளைவில் ஓரக்கல்லில் உரசிப் பக்கச் சுவர் கிழிந்தால் அந்த பாட்டிலால் பயனில்லை. பாட்டிலுக்குக் காலாவதித் தேதியும் உண்டு, பார்த்து வையுங்கள்.

என் யோசனை: சாதா டயர் போடுங்கள். மிச்சமாகும் பணத்தில் உங்கள் காருக்குப் பொருந்தும் ஒல்லி ஸ்டெப்னி ஒன்றும் ஜாக்கியும் வாங்கி டிக்கியில் கட்டி வையுங்கள். பை வைக்கும் இடம் போனால் போகட்டும். ராத்திரியில் குழந்தைகளோடு மலை இறங்கும் பழக்கம் இருக்கிறது, ஸ்டெப்னிக்கும் இடமில்லை என்றால், செலவைப் பார்க்காமல் ரன்-ஃபிளாட்டையே போடுங்கள்.

இன்னொன்று: சில கார்களில் காற்றழுத்த சென்சார் வால்வோடு சேர்ந்து சக்கரத்துக்கு உள்ளே இருக்கும். டயரை அவசரமாகப் பிரித்தால் உடைந்துவிடும். கழற்றும் பையனிடம் முதலிலேயே சொல்லுங்கள். புது டயர் போட்டதும் மறக்காமல் ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: என் காரிலும் ரன்-ஃபிளாட்தான். நான்கையும் மாற்றப் பணமில்லை. முன்னால் இரண்டு மட்டும் சாதா டயர் போடலாமா?
*வாசகர், சூரமங்கலம்*

பதில்: வேண்டாம். முன்னும் பின்னும் வேறு வேறு விறைப்பு இருந்தால் வளைவில் கார் ஒரே மாதிரி பிடிக்காது. பணம் சேரும்வரை காரை மலையேற்றாதீர்கள்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பினால் டயர் கூடுதல் காலம் உழைக்குமா?
*வாசகி, குகை*

பதில்: சும்மா கிடைக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இருமுறை காற்றழுத்தம் பாருங்கள், டயர் உழைக்கும்.

கேள்வி: ஆன்லைனில் தள்ளுபடி விலையில் நான்கு டயர் வாங்கி மாட்டிவிட்டேன். 185/65 ஆர்15 88 இருக்க வேண்டிய இடத்தில் 175/65 ஆர்15 84 வந்திருக்கிறது. பத்துதானே வித்தியாசம் என்று விட்டேன். இப்போது திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். யார் மீது வழக்குப் போடலாம்?
*வாசகர், கொண்டலாம்பட்டி*

பதில்: யார் மீதும் போட முடியாது. நீங்கள் அனுப்பிய ஆர்டர் நகலிலேயே 175 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. விற்றவர் நீங்கள் கேட்டதைத்தான் அனுப்பியிருக்கிறார். கடைசியில் வரும் எண் அலங்காரத்துக்குப் போட்டதா? 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ. சக்கரத்துக்கு அறுபது கிலோ குறைவு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சரியான அளவு ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும். அரை நிமிட வேலை, அதைச் செய்யவில்லை. அந்த நான்கையும் கழற்றி, அந்த அளவு பொருந்தும் கார்க்காரருக்குக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுச் சரியான டயர் போடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சேலத்தில் ஒரு கடையில், 'புதுக் காரில் கழற்றியது, அதிகம் ஓடவில்லை' என்று நான்கு செகண்ட்ஹேண்ட் டயர் கொடுத்தார்கள். பட்டன் ஆழமாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதமே மழையில் வழுக்கியது. பஞ்சர் கடை அண்ணன் பார்த்துவிட்டு, மொட்டை டயரில் கத்தி வைத்துப் பட்டன் வெட்டியிருக்கிறார்கள் என்றார். போய்க் கேட்டால், நாங்கள் விற்கவே இல்லை என்கிறார்கள். வாடகை வண்டிக்காரன் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றும் மிரட்டுகிறார்கள். கையில் இருப்பது ஒரு எஸ்டிமேட் சீட்டு மட்டும்.
*வாசகர், ஏற்காடு*

பதில்: தம்பி, முதலில் அந்த டயர்களை இன்றைக்கே கழற்றுங்கள். கடனோ உடனோ வாங்கி வேறு டயர் போட்ட பிறகு சவாரிக்குப் போங்கள். வெட்டிய பள்ளத்துக்கு அடியில் ரப்பர் மிச்சமே இருக்காது. அதை விற்றவர் உங்கள் உயிரோடும் பின்னால் உட்காருபவர் உயிரோடும் விளையாடியிருக்கிறார்.

கழற்றியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அவைதான் சாட்சி. டயரின் பக்கவாட்டில் சிறு முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகள் இருக்கும். அதற்கு நேர் மேலே பட்டன் பள்ளத்துக்குள் கட்டைவிரல் நகத்தை ஓட்டினால் சின்ன மேடு ஒன்று தட்டுப்பட வேண்டும். 1.6 மில்லிமீட்டர் உயர மேடு அது. பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் டயரின் ஆயுசு முடிந்தது. கத்தி வைத்த டயரில் மேடு அறுபட்டிருக்கும், பள்ளத்தின் அடிப்பாகம் கோணல்மாணலாக இருக்கும். அதை நன்றாகப் படம் எடுங்கள். பஞ்சர் கடைக்காரர் பார்த்ததை எழுதி வாங்குங்கள். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்த ரசீதும் உதவும்.

உங்களை மிரட்டியது பொய். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்குபவரையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. முதலில் கடைக்கு ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

அந்த எஸ்டிமேட் சீட்டைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஆற்றாமை. 'பில் வேணுமா? ஜி.எஸ்.டி. சேர்ந்துடும்' என்று எத்தனை கடைகளில் கேட்டுவிட்டேன்! பில்லை ஏதோ நாம் கூடுதலாகக் கேட்கும் சலுகைபோல ஆக்கிவிட்டார்கள். விற்ற பொருளுக்கு பில் தராததே நியாயமற்ற வணிகம் என்று அதே 2019 சட்டத்தில் இருக்கிறது. நானும் ஒருமுறை இதில் மாட்டினேன். நான்கு டயர் வாங்கினேன், விலை குறைத்தார்கள் என்று பில் கேட்கவில்லை. தந்த சீட்டில் மேலே பிள்ளையார் சுழி, கீழே தொகை. கடையின் பெயர்கூட இல்லை. ஏழாம் மாதம் ஒரு டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்துக்கொண்டது. வாரண்டி கேட்டுப் போனால் முதல் கேள்வியே பில். அப்போதுதான் டயரைக் கழற்றி உள்பக்கம் பார்த்தேன். தயாரிப்புத் தேதியைக் காட்டும் நான்கு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கம்தான் முழுதாக இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 1421 என்றால் 2021-ன் பதினான்காவது வாரம். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். நான் புதிது என்று வாங்கியது மூன்று வருடம் கிடங்கில் கிடந்த சரக்கு. சீட்டில் பெயரே இல்லாத கடையோடு என்ன வாதாடுவது? முழுத் தொகையும் போயிற்று.

உங்கள் சீட்டில் கடைப் பெயரோ கையெழுத்தோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள், தம்பி. இல்லையென்றாலும் தளராதீர்கள், படங்களும் பணம் போன கணக்கும் இருக்கின்றன. கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் விவரத்தை எனக்கு அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.

கேள்வி: 2025 நவம்பரில் வாங்கிய கார் டயருக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். சரியா?
*வாசகி, ஆத்தூர்*

பதில்: தவறு. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். பில்லோடு போய் வித்தியாசத்தைக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள்.